வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும்? அளவெடுப்பதிலிருந்து கடைசித் தவணை வரை

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மூன்று பேரிடம் கேட்டால் மூன்று விலை வரும். ஒருவர் சதுர அடி 13 ரூபாய் என்பார், இன்னொருவர் 18, மூன்றாமவர் கூசாமல் 32. கடைசி ஆள் கொள்ளையடிக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஒருவர் கணக்கில் பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) கிடையாது, ஒருவர் சீலிங்கைச் சேர்க்கவில்லை, ஒருவர் கதவு ஜன்னலுக்குத் தனியாகக் கேட்கப்போகிறார். எந்த வேலை, எத்தனை சதுர அடி, எத்தனை கோட்டிங் என்ற மூன்றையும் நீங்கள் முதலில் முடிவு செய்துவிட்டால்தான் விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

இங்கே சொல்லும் ரூபாய்க் கணக்கெல்லாம் சென்னையையும் அதன் புறநகரையும் மனதில் வைத்துச் சொல்வது. திருச்சி, நெல்லைப் பக்கம் கூலி கொஞ்சம் இறங்கும். எண்களை ஒரு வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: சுவரைத் தடவிப் பாருங்கள்

பெயின்டரைக் கூப்பிடும் முன் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டினால் அது சுண்ணாம்போ, பழைய டிஸ்டெம்பரோ (மலிவு ரகச் சுவர்ப் பூச்சு), உயிர்போன எமல்ஷனோ (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்). அதன் மேல் நேரடியாக அடிக்கும் பெயின்ட் நிற்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும். கையில் ஒன்றும் ஒட்டவில்லையென்றால் அடுத்த சோதனை: அகலமான டேப் ஒன்றைச் சுவரில் அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிடுங்குங்கள். பெயின்ட் பொருக்காகக் கழன்று வந்தால் அந்த இடமும் சுரண்டலுக்குத்தான்.

அப்புறம் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், தரையிலிருந்து ஒரு முழ உயரம், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள சீலிங் மூலைகள் ஆகிய இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உப்பு பூத்திருந்தால், பெயின்ட் கொப்பளித்திருந்தால், தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி பொரியும். குழாய்க் கசிவையோ தளத்தையோ சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். 'வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் ஒரு கோட்டிங் விட்டா போதும் சார்' என்று உள்பக்கமாக மட்டும் மூடப் பார்ப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் விட்டுத்தான் பட்டியே பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையின் முடிவைப் பொறுத்து உங்கள் வேலை இரண்டில் ஒரு வகையாக இருக்கும். சுவர் நன்றாக இருந்தால் ஆங்காங்கே பட்டி ஒட்டிவிட்டு இரண்டு கோட்டிங் எமல்ஷன். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 13 முதல் 20 ரூபாய் கேட்பார்கள், கூலி மட்டும் என்றால் 7 முதல் 10. சுவர் கெட்டிருந்தாலோ, புதுப் பூச்சாக இருந்தாலோ, சுவர் முழுக்க இரண்டு கோட்டிங் பட்டி, தேய்ப்பு, பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் பிறகு எமல்ஷன். இதற்குப் பொருளோடு 25 முதல் 38, கூலி மட்டும் 14 முதல் 18. முன்பு சொன்ன 13-க்கும் 32-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது: நீங்களே அளந்துவிடுங்கள்

'எத்தனை சதுர அடி வீடு சார்?' என்று போனிலேயே கேட்டு விலை சொல்பவர்கள் உண்டு. 900 சதுர அடி ஃபிளாட் என்றால் 900-க்கு விலை என்று நினைத்துவிடாதீர்கள். பெயின்ட் அடிப்பது சுவருக்கும் சீலிங்குக்கும், தரைக்கு இல்லை. பத்திரத்தில் உள்ள பரப்பில் மூன்று மடங்கு அல்லது அதற்குச் சற்று மேல் சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு வரும் என்பது தொழிலில் உள்ள குத்துமதிப்பு. ஆனால் அந்த 'சற்று மேல்' என்பதில்தான் ஐந்தாறாயிரம் ரூபாய் ஒளிந்திருக்கும். அதனால் டேப்பை எடுத்து அளந்துவிடுவது நல்லது.

12-க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் 22, நான்கு சுவருக்கும் அதன் இரு மடங்கு 44, உயரத்தால் பெருக்கினால் 440. சீலிங் 120. மொத்தம் 560 சதுர அடி. சமையலறையிலும் குளியலறையிலும் டைல்ஸ் ஒட்டிய உயரத்தை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் அளக்க வேண்டும்.

கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பது பெயின்டருக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் நிரந்தரப் பஞ்சாயத்து. கட்டட வேலை அளவீட்டுக்கான இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 1200 இதற்கு ஒரு வழி சொல்கிறது. அரை சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 5 சதுர அடிக்குக் குறைவான திறப்பைக் கழிக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது, நிலையோரம் சுவர்த் தடிமனில் அடிக்கும் பெயின்டுக்கு ஈடு. வீட்டுக் கதவு 3-க்கு 7 அடி, 21 சதுர அடிதான். ஆகவே 'ஒரு பக்கம் கழிச்சுக்கலாம்ணே' என்று நீங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆறு கதவு, ஐந்து ஜன்னல் உள்ள ஃபிளாட்டில் இது சுமார் 200 சதுர அடி வரும். சதுர அடி 15 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். கழிக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அதுவும் பரவாயில்லை, ரேட்டில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் வேலை தொடங்கும் முன் பேசிவிட வேண்டும், முடிந்த பிறகு இல்லை.

தனி வீட்டின் வெளிப்புறத்தை அளக்கும்போது சுற்றளவை உயரத்தால் பெருக்குவதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு, மேல் முகமும் உண்டு. சன்ஷேடுக்கு மேல், கீழ், விளிம்பு என மூன்று. காம்பவுண்டுச் சுவருக்கு உள், வெளி. படிக்கட்டு ஹெட்ரூம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றையும் சேர்த்தால்தான் கடைசி பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடையாமல் இருப்பீர்கள்.

மூன்றாவது: எந்த முறையில் கொடுப்பது?

நாள் கூலி, கூலி மட்டும் காண்ட்ராக்ட், பொருளோடு காண்ட்ராக்ட் என மூன்று வழி இருக்கிறது.

நாள் கூலிக்குச் சென்னையில் ஒரு நல்ல பெயின்டருக்கு 900 முதல் 1,200 ரூபாய், மற்ற ஊர்களில் கொஞ்சம் குறையும். ஓர் அறை, ஒரு கேட், ஓதம் பிடித்த ஒரு சுவர் என்று சில்லறை வேலைக்கு இதுதான் சரி. முழு வீட்டை நாள் கூலிக்கு விட்டால், நீங்கள் வீட்டிலேயே இருந்து பார்த்தால் ஒழிய வேலை இழுத்துக்கொண்டே போகும். காலை ஒன்பதரைக்கு வந்து, பதினொன்றுக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி டீ, ஐந்தரைக்குப் பிரஷ் கழுவல். அது அவர்கள் குற்றமில்லை, நாள் கூலியின் இயல்பே அப்படி.

பொருளோடு காண்ட்ராக்டில் தலைவலி குறைவு. ஆனால் வாளியில் என்ன இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் கலந்தார் என்பது அவர் கையில். பெயின்ட் கம்பெனிகளே நடத்தும் பெயின்டிங் சேவைகளும் இந்த வகைதான். லேசர் கருவியில் அளப்பார்கள், மேற்பார்வைக்கு ஆள் வருவார், எழுத்தில் வாரன்டி கிடைக்கும். உள்ளூர் மேஸ்திரியைவிட விலை கூடுதலாக இருக்கும். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு வீட்டைப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் தகும் என்பேன்.

மற்றவர்களுக்கு என் தேர்வு, கூலி மட்டும் காண்ட்ராக்ட். பெயின்டை நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுவீர்கள், சதுர அடிக்கு வேலை அவருடையது. அரை நாள் கடையில் செலவாகும், அவ்வளவுதான்.

நான்காவது: கடைக்குப் போகும் முன் கணக்கு

பட்டி பார்த்து வழவழப்பாக இருக்கும் உள்சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன், இரண்டு கோட்டிங்குக்கு 100 முதல் 120 சதுர அடி வரும். சொரசொரப்பான வெளிச்சுவரில் 50 முதல் 60 தான். பிரைமர் ஒரு கோட்டிங்குக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 120. பட்டி 40 கிலோ மூட்டை, இரண்டு கோட்டிங்குக்கு 500 முதல் 600 சதுர அடி. டப்பாவில் போட்டிருக்கும் எண் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், அது ஏற்றத்தாழ்வில்லாத சுவருக்கான கணக்கு.

எமல்ஷனில் ரகம் மூன்று. சிக்கன ரகம் லிட்டர் 150–200 ரூபாய், நடுத்தரம் 250–400, உயர் ரகம் 500-க்கு மேல். சீலிங்குக்குச் சிக்கன ரகமே போதும், அதைத் தொட்டுப் பார்க்கப்போகிறவர் யாருமில்லை. குழந்தைகள் கிறுக்கும் ஹாலுக்கும் அவர்கள் அறைக்கும் துடைத்தால் போகிற ரகம் வாங்கலாம்.

அடர் நிறம் எடுப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிறம் கலப்பதற்கான பேஸ் வாளி முழுதாக 20 லிட்டர் இருக்காது, 18 லிட்டர் போல இருக்கும். மீதி இடம் மெஷினில் கலக்கும் நிறத்துக்கு, அதற்குத் தனி விலையும் உண்டு. பழைய வெள்ளைச் சுவரில் அடர் நீலமோ மெரூனோ அடித்தால் மூன்றாவது கோட்டிங் தேவைப்படும், அதற்குக் கூலியும் கூடும்.

பெயின்டும் பட்டியும் 2018 ஜூலை முதல் 28-லிருந்து 18 சதவீத ஜி.எஸ்.டி.க்கு வந்தன. டப்பாவில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி.யில் வரி அடங்கும், அந்த விலையிலேயே வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மொத்தமாக எடுக்கும்போது இரண்டு கடையில் கேட்டாலே தள்ளுபடி கிடைக்கும்.

பெயின்டர் ஒரே பிராண்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்குப் பின்னால் டோக்கனும் இருக்கலாம். வாளிக்குள்ளும் பட்டி மூட்டைக்குள்ளும் பெயின்டருக்கென்று பணமதிப்புள்ள டோக்கன் வைப்பது ஊரறிந்த வழக்கம், இப்போது பலவும் க்யூ.ஆர். கோடாகிவிட்டன. அந்தப் பிராண்டு மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை, அவருக்குக் கை பழகிய பெயின்டாகவும் இருக்கலாம். பொருள் நீங்கள் வாங்கினாலும் டோக்கனை அவருக்கே விட்டுவிடுங்கள். அதில் கணக்குப் பார்த்தால் வேலை சுணங்கும்.

ஒரு ஃபிளாட்டின் முழுக் கணக்கு

900 சதுர அடி, இரண்டு படுக்கையறை ஃபிளாட். அளந்ததில் சுவர் 2,150, சீலிங் 650, ஆக 2,800 சதுர அடி. சுவர் நல்ல நிலையில் இருக்கிறது, ஆங்காங்கே மட்டும் பட்டி.

நடுத்தர எமல்ஷன் 20 லிட்டர் 6,000. சீலிங்குக்குச் சிக்கன ரகம் 10 லிட்டர் 1,800. பட்டி ஒரு மூட்டை 950. பட்டி ஒட்டிய இடங்களுக்குப் பிரைமர் 10 லிட்டர் 1,350. கதவுக்கும் கிரில்லுக்கும் எனாமல் என்ற எண்ணெய்ப் பெயின்ட் 4 லிட்டர் 1,300. உப்புத்தாள், டேப், ரோலர், பிரஷ், தின்னர் 1,500. பொருள் மொத்தம் 12,900 ரூபாய். கூலி சதுர அடிக்கு 8 ரூபாய் வீதம் 22,400, கதவு, கிரில் வேலைக்கு மொத்தமாக 5,000, ஆக 27,400. எல்லாம் சேர்த்து 40,300 ரூபாய்.

இதில் மூன்றில் இரண்டு பங்கு கூலி. நடுத்தரத்தை விட்டு லிட்டர் 600 ரூபாய் உயர் ரகத்துக்குப் போனால் கூடுவது 6,000 ரூபாய். சிக்கன ரகத்துக்கு இறங்கினால் மிச்சமாவது 2,400. ஆனால் 'சுவர் முழுக்கப் பட்டி பார்த்துடலாம் சார், பளிங்கு மாதிரி இருக்கும்' என்ற ஒரு வாக்கியத்துக்குத் தலையாட்டினால்? பட்டியில் இன்னும் நான்கு மூட்டை, பிரைமரில் இன்னும் 14 லிட்டர், கூலி 8-லிருந்து 15. ஏறக்குறைய 25,000 ரூபாய் கூடிவிடும். ரகத்துக்காகக் கடையில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் பட்டிக்கு யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். டேப் சோதனையில் தேறிய சுவருக்கு முழுப் பட்டி தேவையில்லை.

ஐந்தாவது: ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

பேசும்போது எல்லாமே 'எல்லாம் சேர்த்துத்தான் சார்'. எழுதும்போதுதான் விட்டுப்போனது தெரியும். பத்திரம் மாதிரி வேண்டாம், வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி அவரைச் 'சரி' என்று பதில் போடச் சொன்னால் போதும்:

'ஹால், இரண்டு பெட்ரூம், சமையலறை, நடை, இரண்டு பாத்ரூமில் டைல்ஸுக்கு மேல். சுவர், சீலிங் சேர்த்து 2,800 சதுர அடி, கதவு ஜன்னல் ஒரு பக்கம் கழித்தது. பொருக்கு சுரண்டி, வெடிப்பு அடைத்து, தேவையான இடத்தில் பட்டி, பிரைமர், பிறகு இரண்டு கோட்டிங் எமல்ஷன். கூலி சதுர அடி 8 ரூபாய். கதவு ஆறு, ஜன்னல் கிரில் ஐந்து, எனாமல் இரண்டு கோட்டிங், மொத்தம் 5,000. சாமான் நகர்த்துவது, மூடுவது, தரையில் கறை துடைப்பது உங்கள் பொறுப்பு. நான்கு ஆள், எட்டு நாள். பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன்.'

காண்ட்ராக்டர் ஜி.எஸ்.டி. பில் போடுகிறவர் என்றால் 18 சதவீதம் ரேட்டுக்குள் அடக்கமா, மேலேயா என்று கேளுங்கள். டீ, வடை யார் கணக்கு என்பதையும் பேசிவிடுவது நல்லது. காலி வாளி யாருக்கு என்பதையும்தான். சிரிக்காதீர்கள், அந்த 20 லிட்டர் வாளிக்காக மனஸ்தாபம் வந்த வீடுகள் உண்டு.

வெளிப்புற வேலைக்கு ரேட் 15 முதல் 25 ரூபாய் வரை போகும். இரண்டு மாடிக்கு மேல் சாரம் கட்டும் செலவு தனி, அதைச் சேர்த்துத்தான் சொன்னாரா என்று கேட்க வேண்டும். கயிற்றில் தொங்கி அடிக்கும் வேலையென்றால் உடல் முழுக்க மாட்டும் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏற விடாதீர்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டர்களும் பதியலாம். ஆட்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேட்பது அவர்களுக்கும் நல்லது.

எப்போது கூப்பிடுவது?

தீபாவளிக்கு முன் மழை, பொங்கலுக்கு முன் கூட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவரைத் தொட வேண்டாம். மார்கழியில் ஊரே வெள்ளையடிக்கும், ரேட்டும் ஏறும், ஆளும் கிடைக்காது. தை முடிந்து மாசி, பங்குனி, சித்திரை வரை வெளிவேலைக்கு நல்ல நாட்கள். ஆடியில் புதுமனை புகுவிழா இல்லாததால் நல்ல ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள், பேரம் படியும். உள்வேலைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கோவை, தென்காசிப் பக்கம் ஆடிக்காற்றில் வெளிச்சுவருக்கு அடித்தால் ஈரப் பெயின்டில் புழுதியும் சேர்ந்து காயும்.

வேலை நடக்கும்போது

நாள் முழுக்க பின்னாலேயே நிற்க வேண்டாம். மூன்று தருணத்தில் மட்டும் இருந்தால் போதும். பட்டி தேய்த்து முடித்த அன்று மாலை, விளக்கைச் சுவரோரமாகப் பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். முதல் கோட்டிங் முடிந்ததும் எல்லா அறையையும் போட்டோ எடுத்துவையுங்கள், காய்ந்த பிறகு நீங்கள் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது. வாளி திறந்து தண்ணீர் கலக்கும் நேரம் மூன்றாவது. எவ்வளவு கலக்கலாம் என்று டப்பாவிலேயே இருக்கும். கணக்குப்படி 20 லிட்டர் தேவைப்படும் வீட்டில் 12 லிட்டரில் வேலை முடிந்துவிட்டால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை, ஒரு கோட்டிங் காணாமல் போயிருக்கிறது.

பழைய எனாமல் கதவுகளைத் தேய்க்கும்போது குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவென்றால் ஈரத்துணியோடு, நீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுப்பது

கூலி மட்டும் காண்ட்ராக்டுக்கு அட்வான்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் தேவையில்லை. பட்டியும் முதல் கோட்டிங்கும் முடிந்ததும் 40, இரண்டாவது கோட்டிங் முடிந்ததும் 30, டச்சப் (விட்டுப்போன இடங்களைச் சரிசெய்வது) பார்த்து, தரைக் கறை துடைத்த பிறகு கடைசி 10. 'ஊருக்குப் போறேன் சார், மிச்சத்தையும் கொடுத்துடுங்க, வந்து டச்சப் பண்ணித் தரேன்' என்றால் அந்த 10-ஐ மட்டும் பிடித்துவையுங்கள்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது சென்னையில் எழுதப்படாத வழக்கம். ஆனால் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. ஒப்பந்தத்தில் இது குறித்து என்ன எழுதியிருக்கிறது என்று குடிபோகும் போதே படித்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய பெயின்டை ஒரு லிட்டர் டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி இறுக்கி மூடினால் ஓரிரு ஆண்டு டச்சப்புக்கு உதவும். டப்பா மேல் அறையின் பெயர், நிறத்தின் குறியீட்டு எண், ரகம், அடித்த மாதம் ஆகியவற்றை மார்க்கரில் எழுதிவையுங்கள். கடை பில்லையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை அதே நிறம் வாங்க நாலு கடை ஏறி ஷேட் கார்டு புரட்ட வேண்டியிருக்காது.